துணியை விலக்காமல்

முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும், பாரம் தோளிலிருந்து நேராக இறங்க வேண்டும் என்று பிலோமினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜீப்பின் பின்பக்கத் தகரத் தரையில் முழங்காலிட்டிருந்தாள். அவளுக்குக் கீழே வீரணன் மல்லாந்து கிடந்தான். அவனுடைய இடது தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில், காயத்துக்குள் திணித்த துணியின்மேல், அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. முன்னால் இஸ்மாயில் பாய் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். காபித் தோட்டத்திலிருந்து அடிவாரத்துக்கு இருபத்தாறு கொண்டை ஊசி வளைவு, அதற்கப்புறம் சமதரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், மாவட்ட ஆஸ்பத்திரி. இரண்டாவது வளைவு இப்போதுதான் முடிந்திருந்தது. ஆம்புலன்ஸ் மேலே ஏறிவர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று போனில் சொன்னார்களாம், பாறைமேல் ஏறி நின்று பேசிவிட்டு வந்த, கூட வேலை பார்க்கிற சந்தனம் மூச்சு வாங்கச் சொன்னான். ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கச் சொல்லி அவன் இந்நேரம் மறுபடி பேசிக்கொண்டிருப்பான். பேசுவான். சிக்னல் கிடைத்தால் பேசுவான். கிடைக்காவிட்டால் என்று நினைக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அது தன் வேலை இல்லை. தன் வேலை இந்தக் கைகளுக்குக் கீழே இருக்கிறது, நாலு விரற்கடை அகலத்தில், சூடாக, நசநசவென்று. பச்சைமரத்து ஈரம்போலவும் இருந்தது, இல்லை, அப்படி இல்லை, மரத்து ஈரம் குளிர்ச்சியாக இருக்கும். நின்றுவிட்டதா, இன்னும் வருகிறதா. துணியின் ஓரத்தை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினால் தெரிந்துவிடும். ஒரே ஒரு விரல் அளவு. கண்ணை மூடித் திறக்கும் நேரம். அவள் தூக்கவில்லை. பார்வையை எடுத்து வீரணனின் முகத்தில் வைத்தாள்.

காலையில் நடந்ததை வரிசையாக நினைக்கப் பார்த்தால் வரிசையாக வரவில்லை. முதலில் வருவது அந்தக் கால் கவசம். மரம் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர்கள் பேன்ட்டுக்கு மேலே கட்டிக்கொள்கிற, உள்ளே நூல்நூலாகத் திணித்த, மடித்து வைத்தால் மெத்தை மாதிரி இருக்கிற ஆரஞ்சு நிறக் கவசம். அது காபிச் செடியின்மேல் காயப்போட்ட துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. டீ குடிக்க உட்கார்ந்தபோது புழுக்கம் தாங்காமல் வீரணன் அதை அவிழ்த்துப் போட்டிருந்தான். டீ முடிந்து எழுந்தபோது மறுபடி கட்டவில்லை. "வீரண்ணே, கவசம்" என்று அவள் சொன்னாள். "ரெண்டே துண்டுதான் பாக்கி பிலோமி, அறுத்துப் போட்டுட்டு வந்து கட்டிக்கிறேன்" என்றான். அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. ஏனென்றால் இரண்டாம் தடவை சொன்னால் அவன் வாழைமரக் கதையை எடுப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு பகல்முழுக்கக் கூடவே வரும். அவ்வளவுதான் காரணம். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் ஒன்று காபிச் செடிகளை அமுக்கிக்கொண்டு கிடந்தது. வீரணன் ஒரு காலை மடக்கிக் குனிந்து கிளையை அறுத்தான். ரம்பத்தின் நுனி அந்தப் பக்கம் இலைக்குள் மறைந்திருந்த இன்னொரு கிளையில் தட்டியிருக்கிறது. நுனியில் தட்டினால் மிஷின் ஆளை நோக்கி எகிறும், எகிறுகிற வேகத்தைக் கண் பிடிக்காது. அவள் பார்க்கவில்லை, அவளுக்குக் கேட்டதெல்லாம் சத்தம்தான். சீராக இருந்த இரைச்சல் சட்டென்று மேலே ஏறி, நின்றது. நின்றபிறகுதான் குருவிகள் கத்துவது கேட்டது. அவள் ஓடினபோது வீரணன் உட்கார்ந்தபடியே தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ கொட்டிவிட்டதுபோல.

வாழைமரக் கதை போன வருஷத்தது. டவுனிலிருந்து ஒருவர் வந்து மரம் வெட்டுகிறவர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் மேனேஜர் அவள் பெயரைக் கொடுத்தார். வந்தவர் வாழைமரத்துத் துண்டு ஒன்றில் கத்தியால் ஆழமாகக் குத்தி, உள்ளே ஒரு குழாயைச் செருகி, சிவப்புச் சாயத் தண்ணீரை விட்டார். கையிலும் காலிலும் பட்டால் காயத்துக்கு மேலே பட்டையைக் கட்டிக் குச்சியை முறுக்கி இறுக்கலாம். அக்குள், தொடையிடுக்கு மாதிரி இடத்தில் பட்டை கட்ட முடியாது. அங்கே துணியை விரலால் உள்ளே திணி, அடிவரை திணி, திணித்துவிட்டு உன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்து, எடுக்காதே, பார்க்காதே, நனைந்தால் மேலே இன்னொரு துணி வை, கீழே இருப்பதைத் தொடாதே. அவள் பத்து நிமிஷம் வாழைமரத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த வீரணன், "வாழைமரம் பொழச்சிருச்சா பிலோமி, நாளைக்கு வேலைக்கு வருமா" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், வகுப்பு எடுத்தவரும் கூட. அவளும் சிரித்தாள். ஆனால் எல்லோரும் கலைந்தபிறகு அவள் தனியாகப் போய், குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தவரிடம், "சார், நடுவுல யாராவது தொறந்து பாத்துட்டா என்ன ஆகும்" என்று கேட்டாள். அவர் நிமிராமலே, "உறைய ஆரம்பிச்சது ஒடஞ்சிரும்மா, மறுபடி முதல்ல இருந்து" என்றார். முதலிலிருந்து. அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"தண்ணி" என்றான் வீரணன். "கூடாதுண்ணே, ஆபரேசன் பண்ண வேண்டியிருக்கும், வயித்துல எதுவும் இருக்கக் கூடாது." "ஒரு மடக்கு." "கூடாது." அவன் உதடு வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்பு பட்டதுபோல. சந்தனம் போர்த்திவிட்ட சாக்கு நழுவிக்கொண்டே இருந்தது, அதை இழுத்துவிட அவளுக்கு மூன்றாவது கை இல்லை. ஐந்தாவது வளைவு. ஆறு. ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பு ஒருபக்கம் சாய, கைகள் மட்டும் சாயாமல் நிற்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் வலி ஊசியாகத் தொடங்கி முழங்கை வரைக்கும் ஏறியது. பேச வைக்க வேண்டும், தூங்க விடக் கூடாது. என்ன பேசுவது. இந்த மனுஷனோடு அவள் ஒன்பது வருஷம் ஒரே சரிவில் வேலை பார்த்திருக்கிறாள், பேசியதை எல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. "வீரண்ணே, மேக்குச் சரிவுல இன்னும் எத்தனை மரம் நிக்குது?" அவன் கண்ணைத் திறந்தான். மரத்தைப் பற்றிக் கேட்டால் அவன் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான் என்று எப்படித் தோன்றியதோ. "கவாத்து பண்ணவா, அடியோட எடுக்கவா?" "ரெண்டும் சொல்லுங்க." "அடியோட எடுக்க நாலு. தண்ணித் தொட்டிகிட்ட ஒண்ணு, அது உள்ள பொக்கை, அதுல ஏறக் கூடாது." "பெறகு?" "பெறகு..." அவன் பார்வை அவள் கைகளுக்கு இறங்கியது. "இது வாழைமரம் இல்லத்தா" என்றான். சிரிக்கப் பார்த்தான் என்று அவளுக்குப் பட்டது. "தெரியும்ணே" என்றாள்.

பவுன்ராஜுக்கும் இப்படித்தான் உதடு வெளுத்தது. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தாள், ஆனால் ஒதுக்கி வைக்க இந்த ஜீப்பில் இடம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் காற்றுக்கு விழுந்த மரம், இதே மாதிரி மிஷின். முப்பது வயதுக்காரன், மரம் ஏறினால் கீழே நிற்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம் போவான். தொடையில்தான் பட்டது, முட்டிக்கு ஒரு சாண் மேலே. பட்டை கட்டியிருக்கலாம். அன்றைக்குப் பட்டையும் தெரியாது, குச்சியும் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ காபித்தூளை அள்ளிவந்து கொட்டினார்கள். யாரோ துண்டால் கட்டினார்கள். வண்டி வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு துண்டைப் பிடித்திருந்தவள் பிலோமினா. அவன் பயப்படவில்லை, அதுதான் கஷ்டம், பயப்படாமல் கேட்டான், "நின்னுருச்சா பாருக்கா." அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். நின்றமாதிரிதான் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்று மாதிரி மேலே வந்தது. மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவை அவன் கேட்கவே இல்லை, அவளாகத்தான் பார்த்தாள். மூன்று தடவை. அதை யாரும் எண்ணவில்லை, அவளைத் தவிர. சாவு வீட்டில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார், அந்த ரத்தக் குழாய் அறுந்துபோனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று. அந்த ஒரு வரியை அவள் பிடித்துக்கொண்டாள். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிடும்போது செபத்துக்குப் பதிலாக அதுதான் வாயில் வரும். முதலுதவிக்காரர் வந்து, முதலிலிருந்து என்று சொல்லிவிட்டுப் போனபிறகும், அது வாழைமரம், மனுஷ உடம்பு வேறு, ஒவ்வொரு உடம்பும் வேறு என்று மேனேஜரின் வரியை மறுபடி எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டாள்.

பதினோராவது வளைவில் எதிரே பஸ் வந்தது. ஏறுகிற பஸ்ஸுக்கு இடம் விட வேண்டும், இஸ்மாயில் பாய் ஹாரனை அமுக்கிக்கொண்டே பின்னால் எடுத்தார், சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கலில் பிலோமினாவின் கை ஒரு விரல் அகலம் நழுவியது. உடனே தெரிந்தது. உள்ளங்கைக்குக் கீழே சூடு பெருகி விரலிடுக்குகளில் ஏறியது. வீரணன் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான். "பாய், உங்க துண்டு." அவர் திரும்பாமலே தோளிலிருந்து உருவிப் பின்னால் எறிந்தார். அது வீரணனின் நெஞ்சில் விழுந்தது. ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் துண்டை இழுத்து, வாயால் கவ்வி மடித்து, மேலே வைத்து, மறுபடி இரண்டு கை. கீழே இருப்பதைத் தொடாதே. தொடவில்லை. பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்து முகங்கள் கீழே பார்த்தன, ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள், பஸ் போய்விட்டது. "என்ன தங்கச்சி?" என்றார் பாய். "ஒண்ணுமில்ல, போங்க." ஒன்றுமில்லையா. வழிகிறதா, முன்னால் வழிந்ததுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. அப்போதுதான் வீரணன் சொன்னான், "நின்னுருச்சா பாரு பிலோமி."

அதே சொல். அக்கா என்பது மட்டும் இல்லை. எல்லா ஆண்களும் இதையே கேட்பார்களோ, தன் உடம்பிலிருந்து போவதைத் தான் பார்க்க முடியாமல் இன்னொருத்தியைப் பார்க்கச் சொல்வார்களோ. "பாக்கக் கூடாதுண்ணே." "லேசா." "கூடாது." "நிக்கலைன்னா சும்மா எதுக்குத்தா இந்த அழுத்து அழுத்துற, உசுரு போகுது." அவன் கை தரையில் தடவிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, விலக்கப் பார்த்தது. பலம் இல்லாத கை. நாற்பது கிலோ மரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவு ஏறுகிற கை, இப்போது ஒரு துணிபோல அவள் மணிக்கட்டில் கிடந்தது. அவள் குனிந்து நெஞ்சைத் தன் கைகளின்மேல் சாய்த்தாள், இனி அவளே நினைத்தாலும் எடுக்க முடியாதபடி. அந்தச் சாய்வில் முகம் அவன் வயிற்றுக்கு அருகே வந்துவிட்டது. பெட்ரோல் வாசனையும் மரத்தூள் வாசனையும், அவற்றுக்கு நடுவே இன்னொரு வாசனையும்.

பதினைந்து. பதினாறு. இங்கேதான் அந்த நினைப்பு வந்தது. யாரும் கூப்பிடாமல், கதவைத் தட்டாமல், தனக்குரிய இடத்தில் வந்து உட்காருவதுபோல வந்தது. இவன் செத்துப்போனால், ஒழுங்காக அழுத்தியும், ஒரு தடவைகூடத் திறக்காமலும் செத்துப்போனால், மேனேஜர் சொன்னது உண்மை. அப்போது பவுன்ராஜை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. அப்போது அந்த மூன்று தடவையும் ஒன்றுமில்லை. இவன் பிழைத்துவிட்டால்? அவள் அந்த நினைப்பைப் பார்த்தாள். மரத்தடியில் கட்டையைப் புரட்டும்போது கீழே சுருண்டு கிடப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மாதாவே, நான் என்ன மனுஷி. வீரணனுக்குப் பேச்சியம்மாள் என்று ஒரு பெண்டாட்டி, பஞ்சு மில்லுக்குப் போகிற ஒரு மகள். இதெல்லாம் தெரிந்துதான் அந்த நினைப்பு வந்தது. அது தன்னுடைய நினைப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தாள், பொய். கைகள் தளர்கின்றனவா என்று பயந்தாள். மனசில் இருப்பது கைக்கு இறங்கிவிடுமோ. கை தெரியாமல் லேசாகிவிடுமோ. அவள் கைகளை உற்றுப் பார்த்தாள், விரல் நுனிகள் அழுத்தத்தில் மஞ்சளாக இருந்தன, தளரவில்லை. கை தனியாக இருந்தது. மனசு என்ன நினைத்தாலும் கைக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அது அதைச் செய்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, துடைக்க முடியாமல் மூக்கு நுனி வழியாகப் பாயின் துண்டின்மேல் சொட்டியது.

"வீரண்ணே, தூங்கக் கூடாது." அவன் கண் மூடியே இருந்தது. "தண்ணித் தொட்டிகிட்ட ஒண்ணு, பெறகு?" அவள் அவன் முகத்தின் பக்கம் ஊதினாள். "வீரண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? பவுன்ராஜுக்கு அன்னைக்கு நான் மூணு தரம் துண்டைத் தொறந்து பாத்தேன்." அவனைத் தூங்கவிடாமல் வைக்கச் சொன்னதா, தான் சொல்ல வேண்டியிருந்து சொன்னதா, அவளுக்கே தெரியவில்லை. ஜீப் சத்தத்தில் முன்னால் இருந்தவருக்குக் கேட்டிருக்காது. வீரணன் கண்ணைத் திறக்காமலே கிடந்தான். பிறகு உதடு அசைந்தது. "தெரியும்" என்றான். "நான் காபித்தூளு கொண்டாந்தேன்ல." அவ்வளவுதான் சொன்னான். யாரோ என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்த ஒரு வருஷமாக அவன் செய்த கேலி எல்லாம் சட்டென்று வேறு சத்தத்தில் அவள் காதில் கேட்டது. இவனுக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. வாழைமரத்தைச் சுற்றி எல்லோரும் நின்றபோது இவனும் ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டியிருந்து, கேட்க முடியாமல், சிரித்திருக்கிறான். "எத்தனை மரம்ணே?" என்றாள் மறுபடி. "நாலு" என்றான் அவன், வெகு தூரத்திலிருந்து. "அந்தப் பொக்கை மரத்துல ஏற விடாத யாரையும்."

வளைவுகள் முடிந்ததை அவள் கவனிக்கவில்லை. காற்று சூடானதும், புளியமரங்கள் இருபக்கமும் ஓடியதும், பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போனதும்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றார்கள், சந்தனத்துக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது. அழுத்தியபடியே அவளும் ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள், சேலை காலில் தடுக்க, யாரோ அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள. உள்ளே வெளிச்சம். சின்ன வயதுப் பெண் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள், "எவ்வளவு நேரமாச்சு?" "பத்தே முக்காலுக்குப் பட்டது." "தொறந்தீங்களா?" "இல்ல." "சரி, நான் சொல்றப்ப எடுங்க. இப்ப." கை வரவில்லை. பிலோமினா எடுக்கச் சொன்னாள், கை கேட்கவில்லை. நர்ஸ் ஒருத்தி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம்.

பிறகு நீளமான தாழ்வாரம். பெஞ்சில் பாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வாங்கிவந்த டீயை அவள் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார், அவள் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. இரண்டு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்தாள். களைத்த முகம். "காலுக்குப் போற பெரிய ரத்தக் குழாய்ல பக்கவாட்டுல கிழிசல். தைச்சாச்சு. ரத்தம் ஏறிட்டிருக்கு. பொழச்சுக்குவார், காலும் நிக்கும்னுதான் நினைக்கிறோம்." பாய் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். டாக்டர் பிலோமினாவைப் பார்த்தாள். பாராட்டத்தான் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். "நடுவுல ஒரு தரம் தொறந்து பாத்திருந்தாக்கூட இங்க வந்து சேந்திருக்க மாட்டார்மா." பிலோமினா தலையை ஆட்டினாள். ஒரு தரம். மேனேஜர் சொன்ன வரியை அவள் தேடினாள், எப்போதும் கிடைக்கிற இடத்தில் அது இல்லை. கீழே குனிந்து உட்கார்ந்தாள். சந்தோஷமும் அதே இடத்தில்தான் இருந்தது, பொய் இல்லை, வீரணன் பிழைத்த சந்தோஷம். பவுன்ராஜின் பாரத்தையும் இந்தச் சந்தோஷத்தையும் பிரிக்க முடியவில்லை. பேச்சியம்மாள் பஸ் பிடித்து ஓடிவந்து, விஷயம் கேட்டு, அவள் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிலோமினா இழுத்துக்கொள்ளவில்லை. கைகளைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாலரை மணிக்கு ஜீப் திரும்பி மலை ஏறியது. மூன்றாவது வளைவு தாண்டியதும், "பாய், ஊத்துப்பாறையில கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். பவுன்ராஜின் ஊர். இரண்டு வருஷமாக அந்த நிறுத்தத்தில் அவள் இறங்கியதில்லை, பஸ்ஸில் போனாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பாய் அவள் சட்டையைப் பார்த்தார், சேலைக்கு மேலே போட்டிருந்த வேலைச் சட்டையின் கை முழங்கை வரை காய்ந்து கறுத்திருந்தது. "இந்தக் கோலத்துலயா?" "ஆமா." அவர் நிறுத்தினார், எஞ்சினையும் அணைத்தார். பவுன்ராஜின் அம்மா இருளாயி வாசலில் குந்தி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முதலில் சட்டையைத்தான் பார்த்தாள். "யாருக்கு?" என்றாள். "வீரண்ணனுக்கும்மா. மிஷின் பட்டுருச்சு. பொழச்சுக்கிட்டாரு." "பொழச்சுக்கிட்டானா" என்றாள் இருளாயி. கையிலிருந்த காயை உரித்து முடித்தாள். "நல்லது. நீயா கொண்டுபோன?" "ஆமாம்மா. நான்தான் அழுத்திப் பிடிச்சிருந்தேன்." ஜீப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை. "பவுன்ராசு விசயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்." இருளாயி மடியில் இருந்த காய்களை முறத்தில் கொட்டினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த சாக்கை விரித்துப் போட்டாள். "உக்காந்து சொல்லு" என்றாள்.